பூஜ்ஜியக் கழிவு என்றால் உப்பு எங்கே போகிறது? திருப்பூர் சாய ஆலைக் கணக்கு (விவாத இழை)

ஏற்றுமதி_ஆவணம்:
வணக்கம். வெளிநாட்டு பிராண்டுகள் அனுப்பும் சுற்றுச்சூழல் படிவத்தில் "சாயம் போடும் ஆலையில் பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் உண்டா?" என்று ஒரு கட்டம் வரும். ஆம் என்று குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையையும் பொது சுத்திகரிப்பு நிலைய உறுப்பினர் சான்றையும் இணைத்துவிட்டால் அந்தக் கேள்வி முடிந்தது. அந்த 'ஆம்' உண்மைதானா என்று ஒரே நாளில் சரிபார்க்க வழி இருக்கிறதா? தண்ணீர் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் பலருக்கும் உதவும்.

ஆர்ஓ_பிளான்ட்:
தண்ணீர் மாதிரியால் பயனில்லைங்க. பூஜ்ஜிய வெளியேற்றம் என்றால் சோதிப்பதற்கு வெளியே தண்ணீரே வரக்கூடாது. நீங்கள் எடுக்கும் மாதிரி ஆர்.ஓ.வில் (சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் இயந்திரம்) சுத்தமாகி உள்ளேயே திரும்பும் தண்ணீராக இருக்கும். அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

உப்பைத் தேடுங்கள். சாயத்தைத் துணிக்குள் தள்ள உப்பும், அதை நிலைநிறுத்த சோடா ஆஷும் போடுகிறோம். சாயம் துணியில் ஏறும், மிச்சம் பாக்டீரியாவிலும் சேற்றிலும் போகும். உப்பு எதிலும் குறையாது. எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவும் எங்காவது இருந்தாக வேண்டும்.

நாளுக்கு 5 டன் பனியன் துணி போடும் ஆலையை எடுத்துக்கொள்வோம். சாஃப்ட் ஃப்ளோ வகை சாய மெஷின், கிலோ துணிக்கு 7 லிட்டர் பாத் (சாயநீர்). அப்படியானால் சாய பாத் மட்டும் 35,000 லிட்டர். ஷேடுகளின் (நிறங்களின்) சராசரி லிட்டருக்கு 40 கிராம் என்றால் 1,400 கிலோ உப்பு. சோடா ஆஷ் சராசரி 15 கிராம் வைத்தால் 525 கிலோ. சலவை, சோப்பிங், அலசல் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் கிலோவுக்கு 50 லிட்டர், மொத்தம் 2,50,000 லிட்டர். 1,925 கிலோவை அதில் கரைத்தால் லிட்டருக்கு 7,700 மி.கி. திருப்பூர் சுத்திகரிப்பு பிளான்ட்டுகளுக்கு வரும் கழிவுநீரில் கரைந்த மொத்த உப்பு (டி.டி.எஸ்.) ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும்.

ஆர்.ஓ. இதில் 88% தண்ணீரை மீட்டால் 2,20,000 லிட்டர் ஆலைக்குத் திரும்பும். மீதி 30,000 லிட்டர் ரிஜெக்ட், லிட்டருக்கு சுமார் 64 கிராம் உப்போடு நிற்கும். இந்த 30,000 லிட்டர் எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான இடம்.

ஷேடு_கார்டு:
கணக்கு சரி. ஆனால் 40 கிராம் என்ற சராசரியை எல்லா ஆலைக்கும் வைக்கக் கூடாது. வெளிர் ஷேடுக்கு 20 கிராம் போதும். கருப்பு, நேவி, மெரூன் என்றால் 60 முதல் 80 வரை போகும். கருப்பு ஆர்டர் அதிகம் எடுக்கும் ஆலைக்கு உப்பு இரட்டிப்பாகும். பழைய வின்ச் மெஷினில் பாத் விகிதம் (துணி எடைக்கு நீர்) ஒன்றுக்குப் பதினைந்து, இருபது என்று போவதால் அதே ஷேடுக்கே இரு மடங்குக்கு மேல் உப்பு வேண்டும். மெஷின் வகை, ஷேடு பதிவேடு இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, சோடா ஆஷைத் தனியாக நினைக்காதீர்கள். அதுவும் உப்பாகத்தான் முடியும். 525 கிலோ சோடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு முழுக்கச் சமன் செய்தால் சுமார் 580 கிலோ சாதா உப்பு. சல்ஃப்யூரிக் விட்டால் சுமார் 700 கிலோ சோடியம் சல்ஃபேட். கடையில் உப்பாக வாங்காமலே சேரும் உப்பு இது.

நொய்யல்கரை:
ஏன் உப்பு என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சாய நீரின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊர் கோபப்பட்டது. ஆனால் வயலைக் கெடுத்தது உப்பு. சென்னிமலைப் பக்கம் நொய்யல் ஆற்றில் 1992-ல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டியது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமாகி, அணையைத் திறக்காதீர்கள் என்று கீழேயுள்ள விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணை கட்டிக்கொடுத்தும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு வேதனை என்று பாருங்கள்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பூஜ்ஜிய வெளியேற்றத்தைக் கட்டாயமாக்கியது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28-ல் எல்லா சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். பிறகு தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்து, பிளான்ட்டுகளைச் சரிசெய்து, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

பிராண்டுகள் இன்று 'பசுமைத் திருப்பூர்' என்று எழுதுவது இந்த வழக்கின் பலன். வாங்குபவர் விரும்பிக் கொடுத்த பரிசு இல்லை. அறிக்கை எழுதுபவர்கள் இதை ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.

ஏற்றுமதி_ஆவணம்:
நன்றிங்க. டி.டி.எஸ். 2,100 மி.கி. வரை அனுமதி என்று ஒரு வரம்பு இருக்கிறதே. ஆர்.ஓ. இல்லாமல் உயிரியல் சுத்திகரிப்பு மட்டும் செய்து அந்த வரம்புக்குள் வர முடியாதா?

ஆர்ஓ_பிளான்ட்:
முடியாதுங்க. பாக்டீரியா கரிம அழுக்கை (பி.ஓ.டி., சி.ஓ.டி.) குறைக்கும். கரைந்த உப்பைத் தொடாது. 7,700 உள்ளே போனால் ஏறத்தாழ 7,700-ஏ வெளியே வரும். நான்கு மடங்கு நல்ல தண்ணீர் கலந்து 2,100-க்குக் கொண்டுவந்தால் ஆய்வறிக்கை அழகாக இருக்கும். ஆற்றில் சேரும் 1,925 கிலோவில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. செறிவை மட்டும் கேட்கும் எந்தப் படிவத்திலும் இந்த ஓட்டை உண்டு. மொத்த எடையைக் கேளுங்கள்.

பாய்லர்_ரூம்:
அந்த 30,000 லிட்டர் ரிஜெக்ட்டை எவாப்பரேட்டரில் வற்றவைத்தால் என்ன செலவு என்றும் பார்க்க வேண்டும். இதைப் பசுமைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

நான்கு கட்ட எவாப்பரேட்டர் நன்றாக ஓடினால் ஒரு கிலோ நீராவிக்கு மூன்றேகால் கிலோ தண்ணீர் ஆவியாகும். 30 டன் தண்ணீருக்கு 9 டன் நீராவிக்குச் சற்று மேல். காய்ந்த சீமைக்கருவேல விறகு கிலோவுக்கு சுமார் 3 கிலோ நீராவி தரும். ஆக 5 டன் துணிக்கு 3 டன் விறகு, சாயம் போடும் பாய்லர் செலவு தனி. ஈர விறகு என்றால் இன்னும் ஏறும்.

நீராவியையே அழுத்தித் திரும்பப் பயன்படுத்தும் எம்.வி.ஆர். வகையில் ஆயிரம் லிட்டருக்கு 25 முதல் 40 யூனிட் கரண்ட் ஆகும். விறகு வேண்டாம். ஆனால் உப்பு அடர அடரக் கொதிநிலை ஏறும், கம்ப்ரஸர் திணறும். அதனால் எம்.வி.ஆரை முதலில் வைத்து அடர்த்தியை ஏற்றி, கடைசிக் கட்டத்தை மட்டும் நீராவி எவாப்பரேட்டருக்கும் உப்பைப் படிகமாக்கும் கிரிஸ்டலைஸருக்கும் விடுவதுதான் சரியான வரிசை.

குழாய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குளோரைடு அதிகமுள்ள சூடான உப்புநீரில் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசித்துளை விழுந்து ஓட்டையாகும். டூப்ளெக்ஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம் போட்ட இடம் நிற்கும். ஓட்டையான குழாயை அடைத்து அடைத்து ஓட்டினால் கொள்ளளவு குறையும். ரிஜெக்ட் தொட்டி நிரம்பும். திறந்துவிடும் ஆசை வருவது அப்போதுதான். ஒரு மழை இரவு போதும்.

ஷேடு_கார்டு:
அதனால்தான் வற்றவைக்காமல் உப்புநீராகவே திரும்பச் சாயத்துக்கு எடுப்பது நல்ல வழி. திருப்பூர் அருகே அருள்புரம் பொது பிளான்ட்டில் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். மேலே உள்ள கணக்கையே பாருங்கள். சாய பாத் 35,000 லிட்டர், ரிஜெக்ட் 30,000 லிட்டர். லிட்டருக்கு 64 கிராம் உள்ள நீரை அடர் ஷேடுக்கு அப்படியே ஊற்றலாம், நடு ஷேடுக்குப் பாதிக்குப் பாதி. எவாப்பரேட்டருக்குப் போவதில் பெரும்பகுதி மிச்சம்.

முழுதும் திரும்ப எடுக்க முடியாது. சோடாவிலிருந்து வரும் 580 கிலோ உப்பு தினமும் சேர்ந்துகொண்டே போகும். அந்த அளவையாவது வடித்து எவாப்பரேட்டருக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதனால் எவாப்பரேட்டரே தேவையில்லை என்று சொல்லி விற்க வருபவரை நம்பாதீர்கள்.

புதுசாயம்:
உப்புநீர் எடுத்தால் துணி திட்டுத்திட்டாக வருகிறது என்று பல ஆலைகள் திரும்ப உப்பு மூட்டைக்கே போய்விடுகிறார்களே. காரணம் என்னங்க?

ஷேடு_கார்டு:
பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். அதிலும் முதலாவதைத்தான் எல்லாரும் தவற விடுகிறார்கள்.

உப்புநீரில் பைகார்பனேட் மிச்சம் இருக்கும். ரியாக்டிவ் சாயத்தில் முதலில் நடுநிலை பி.எச்.சில் உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளும். எல்லா இடமும் சமமாக ஏறிய பிறகு சோடா போட்டு பி.எச்.சை 10.5, 11-க்கு உயர்த்தி நிலைநிறுத்துவோம். பைகார்பனேட் உள்ள நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கரியமில வாயு பிரிந்து பி.எச். தானாக ஏறும். சோடா போடும் முன்பே சாயம் ஒட்ட ஆரம்பித்துவிடும். ஒட்டிய சாயம் நகராது. திட்டு அங்கேதான் பிறக்கிறது. பி.எச். காகிதத்தில் 7.5 என்று காட்டும், நல்ல நீர் என்று நம்பி ஊற்றுவார்கள். பி.எச். மட்டும் பார்த்தால் போதாது, அல்கலினிட்டி டைட்ரேஷன் (அமிலம் விட்டுக் காரத்தின் மொத்த அளவைக் காணும் சோதனை) கட்டாயம்.

செய்ய வேண்டியது: அமிலம் விட்டு பி.எச். 4 முதல் 4.5-க்கு இறக்குங்கள். காற்றடித்து வாயுவை வெளியேற்றுங்கள். பிறகு துளி காஸ்டிக் (காரம்) விட்டு 6.5, 7-க்குக் கொண்டுவாருங்கள். காற்றடிக்காமல் நேரே ஏற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இரண்டாவது கடினத்தன்மை. கால்சியம், மக்னீசியம் சோடாவோடு சேர்ந்து கார்பனேட் பொடியாகத் துணியில் படியும், சாயத்தையும் கட்டியாக்கும். ஷேடு மங்கும். 50 மி.கி.க்குக் கீழே வைத்தால் தொந்தரவு குறையும். இவ்வளவு உப்புள்ள நீரில் கடினத்தன்மை நீக்கும் சாதாரண சாஃப்ட்னர் ரெசின் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த ரெசினைப் புதுப்பிப்பதே உப்புநீரால்தான். வீக் ஆசிட் ரெசின் வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்பு, சோடா போட்டுப் படியவைக்க வேண்டும்.

மூன்றாவது மிச்ச குளோரின். நிறம் எடுக்கக் குளோரின் அடித்துவிட்டு நீக்காமல் விட்டால் அடுத்த லாட் சாயத்தையே தின்னும். பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் காகிதம் நீலமானால் அந்த நீரை எடுக்கவே கூடாது.

எவ்வளவு செய்தாலும் லேசான பழுப்பு மிஞ்சும். வெளிர் ஷேடுக்குப் புது உப்பு, கருப்பு நேவிக்கு உப்புநீர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

ஆர்ஓ_பிளான்ட்:
அமிலத் தேர்வையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிளாபர் உப்பில் (சோடியம் சல்ஃபேட்) ஓடும் பிளான்ட்டில் சல்ஃப்யூரிக் விடுங்கள். சாதா உப்பில் ஓடும் பிளான்ட்டில் ஹைட்ரோகுளோரிக் விடுங்கள். விலை குறைவு என்று மாற்றி விட்டால் இரண்டு உப்பும் கலந்துவிடும். கலந்த உப்பு யாருக்கும் ஆகாது. ஒரே பொது பிளான்ட்டில் ஒரு ஆலை சாதா உப்பும் இன்னொன்று கிளாபரும் போட்டாலும் இதே கதிதான். உறுப்பினர் ஆலைகள் எல்லாம் ஒரே உப்புக்கு ஒத்துக்கொள்வது எந்த மெஷினையும்விடப் பெரிய முதலீடு.

பிரிக்க ஒரு வழி குளிரூட்டல். சோடியம் சல்ஃபேட் 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் வரை கரையும். 10 டிகிரிக்கு இறக்கினால் 9 கிராம்தான் நிற்கும், மீதி கிளாபர் படிகமாக விழும். சாதா உப்பின் கரைதிறன் சூட்டுக்கும் குளிருக்கும் பெரிதாக மாறாது. அது கரைசலிலேயே தங்கும். படிகம் விழுந்தபின் மிஞ்சும் அந்தத் தாய்க்கரைசலில் எல்லா அழுக்கும் அடர்ந்து, கடைசியில் கலப்பு உப்பாகக் காயும். பிளான்ட் ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடப்பது இதுதான்.

விழும் படிகத்தில் எடையில் 56% தண்ணீர் என்பதையும் கவனியுங்கள். 100 கிலோ ஈரப்படிகத்தில் 44 கிலோதான் சல்ஃபேட். மீட்ட உப்பு என்று கணக்குக் காட்டும்போது படிக எடையா, உலர் எடையா என்று கேட்காவிட்டால் ஏமாற வாய்ப்பு அதிகம்.

நொய்யல்கரை:
கலப்பு உப்பு மூட்டை மழையில் நனைந்தால் கரைந்து கிணற்றுக்குத்தான் போகும். கூரையும் சிமெண்ட் தளமும் உள்ள இடத்தில் இருக்கிறதா, மூட்டை எண்ணிக்கை பதிவேட்டோடு பொருந்துகிறதா என்று தணிக்கையாளர் போய் நின்று எண்ண வேண்டும். சேறு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது, அதற்கு வழி கிடைத்துவிட்டது. கலப்பு உப்புக்கு அப்படி நல்ல வழி இல்லை.

புதுசாயம்:
உப்பே இல்லாமல் சாயம் போட்டால்? கோல்டு பேட் பேட்ச் முறையில் உப்பு தேவையில்லையே.

ஷேடு_கார்டு:
நல்ல முறைதான். துணியைச் சாயமும் காரமும் கலந்த தொட்டியில் நனைத்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, 12 முதல் 24 மணி நேரம் அறைச் சூட்டில் சுழலவிட வேண்டும். உப்பு பூஜ்ஜியம், தண்ணீரும் குறைவு. பனியன் துணிக்கு ஓரம் சுருளும், இழுவையில் நீளும். அதற்கேற்ற மெஷின் வேண்டும். சிறு சிறு லாட் ஆர்டருக்குக் கட்டுப்படியாகாது.

ஆர்ஓ_பிளான்ட்:
ஒரு எச்சரிக்கை. அந்த முறையில் காரமாக சோடியம் சிலிகேட் சேர்ப்பது வழக்கம். அது கழிவில் வந்தால் ஆர்.ஓ.வுக்கு எமன். ரிஜெக்ட்டில் சிலிகா 120, 150 மி.கி. தாண்டினால் மெம்பரேன் (ஆர்.ஓ. சவ்வு) மேல் கண்ணாடிபோல் படியும், எந்தக் கெமிக்கலும் எளிதில் எடுக்காது. சிலிகேட் இல்லாத காஸ்டிக்–சோடா ரெசிபிக்கு மாறிவிட்டு இந்த முறைக்குப் போங்கள். சாய ஆலை உப்பை மிச்சம் பிடித்து, பிளான்ட் மெம்பரேனை இழந்தால் என்ன லாபம்?

மெம்பரேன் பேச்சு வந்ததால் அடிக்கடி நடக்கும் தவறுகளையும் சொல்கிறேன். ஃபினிஷிங்கில் போடும் சிலிகான், கேட்டயானிக் (நேர்மின் தன்மையுள்ள) சாஃப்ட்னர் வடிநீரை மற்றதோடு கலக்காமல் தனியே எடுங்கள். மெம்பரேனில் எதிர்மின் தன்மை இருப்பதால் கேட்டயானிக் எதுவும் போய் ஒட்டிக்கொள்ளும். நிறம் எடுக்கும் பாலிமரைக் கூடுதலாக விட்டாலும் இதே விளைவு. பிளீச்சிங் பெராக்சைடும் 40 டிகிரிக்கு மேல் சூடான நீரும் நேரே ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டிக்கு வந்தால் பாக்டீரியா சாகும். அது செத்த அன்று சி.ஓ.டி. முழுதும் மெம்பரேன் தலையில் விழும்.

மெம்பரேன் வழி நீரோட்டம் 10 முதல் 15% குறைந்ததும் மெம்பரேனைக் கழுவுங்கள், 30% வரை காத்திருக்காதீர்கள். முதலில் காரக் கழுவல், பிறகு அமிலம். அமிலத்தை முதலில் விட்டால் சாய அழுக்கும் சிலிகாவும் இறுகிவிடும்.

ஏற்றுமதி_ஆவணம்:
இதுவரை சொன்னதை வைத்து ஒரு நாள் தணிக்கைக்கு வரிசை போட்டிருக்கிறேன். ஓராண்டு உப்பு, சோடா ஆஷ், அமில ரசீதுகள். அதே ஆண்டின் துணி எடை, ஷேடு பதிவேடு. பிளான்ட்டின் உள்வரும், திரும்பும் ஃப்ளோ மீட்டர். எவாப்பரேட்டரின் தனி மின் மீட்டர், விறகு எடைச்சீட்டு. மீட்ட உப்பின் உலர் எடை. கலப்பு உப்பு மூட்டை எண்ணிக்கை. விடுபட்டது உண்டா?

பாய்லர்_ரூம்:
எவாப்பரேட்டர் மாத சராசரியைப் பார்க்காதீர்கள், நாள்வாரியாகப் பாருங்கள். ஆலை ஓடிய நாளில் எவாப்பரேட்டர் நின்றிருந்தால் அன்று ரிஜெக்ட் தொட்டி மட்டம் ஏறியிருக்க வேண்டும். மட்டம் ஏறாமலும் எவாப்பரேட்டர் ஓடாமலும் இருந்த நாளைப் பிடித்துக் கேளுங்கள்.

ஷேடு_கார்டு:
உப்பு ரசீதே பாதி விடை சொல்லிவிடும். நன்றாக மீட்கும் ஆலைக்குப் புது உப்பு வாங்கும் தேவை வெகுவாகக் குறைந்திருக்கும், சோடாவால் உபரிகூட வரும். நாளுக்கு 1,400 கிலோ தேவைப்படும் ஆலை 1,400-ஐயும் கடையிலேயே வாங்கிக்கொண்டு, வெளியே போன உப்புக்கும் மூட்டைக் கணக்குக் காட்டவில்லை என்றால், அந்த உப்பு மண்ணில் இருக்கிறது.

ஒன்றைப் பிராண்டுகளுக்கும் சொல்லுங்கள். மேலே சொன்ன விறகு, கரண்ட், மெம்பரேன், டைட்டானியம் குழாய் எல்லாவற்றையும் இன்று சாய ஆலையே சுமக்கிறது. பூஜ்ஜிய வெளியேற்றம் கட்டாயமில்லாத ஊரின் சாயக்கூலியைக் காட்டி இங்கே விலை குறைக்கச் சொல்வதும், அதே நிறுவனத்தின் பசுமை அறிக்கையில் திருப்பூர் படம் வருவதும் நியாயமில்லை. 2016 அக்டோபரில் மத்திய அரசு ஜவுளிக் கழிவுநீருக்கு வெளியிட்ட விதிமுறையிலேயே பூஜ்ஜிய வெளியேற்றம் எல்லா ஊருக்கும் கட்டாயமாகவில்லை. அந்தந்த மாநில வாரியம் தேவைப்படும் இடத்தில் உத்தரவிடலாம் என்றுதான் நின்றது. சாயக்கூலியில் சுத்திகரிப்புக் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டி, அதில் பேரம் பேசாமல் கொடுக்கும் வாங்குபவருக்கு மட்டும் அந்தப் படத்தைப் போடும் உரிமை உண்டு.

நொய்யல்கரை:
பட்டியலில் கிணறு விடுபட்டிருக்கிறது. பிளான்ட்டின் பள்ளமான பக்கம் 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு கிணறு, மேட்டுப் பக்கம் ஒப்பிட ஒரு கிணறு. கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் டி.டி.எஸ்., சோடியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்ஃபேட் பாருங்கள். பழைய பாதிப்பும் தெரியும் என்பதால் ஒரு முறை எடுத்த எண்ணை வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. மழைக்குப் பிறகு மேட்டுக் கிணற்றில் குறைந்து பள்ளக் கிணற்றில் ஏறினால் புதிதாக இறங்குகிறது என்று பொருள்.

புதுசாயம்:
ஏற்கெனவே கெட்ட நிலத்துக்கு ஜிப்சம் போட நிறுவனங்கள் நிதி தருவதாகச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

நொய்யல்கரை:
சோடியம் களிமண் துகளைப் பிரித்து மண்ணை இறுகச் செய்கிறது. ஜிப்சத்தின் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்து சோடியத்தைக் கிளப்பும். 15 செ.மீ. ஆழத்தில், 100 கிராம் மண்ணுக்கு ஒரு மில்லி ஈக்விவலன்ட் (மண் பரிசோதனையில் வரும் அலகு) சோடியத்தைக் கிளப்ப ஏக்கருக்கு சுமார் 800 கிலோ சுத்த ஜிப்சம் வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று ஊர் முழுக்க ஒரே அளவில் கொடுப்பது வீண்.

கிளம்பிய சோடியத்தை நல்ல தண்ணீர் கட்டி வேருக்குக் கீழே இறக்க வேண்டும், அது வடிந்து போக வடிகாலும் வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கட்டினால் ஜிப்சம் போட்டும் பலனில்லை. அதனால் நிதி தருகிறவர்கள் ஜிப்சத்துக்கு முன்னால் பண்ணைக்குட்டையும் வடிகால் வாய்க்காலும் வெட்டித் தரட்டும். மழைநீர் சேர்ந்த குட்டை இருந்தால், ஜிப்சத்தை ஐப்பசிக்கு முன் தூவி உழுதுவிட்டு, மழையோடு சேர்த்து அந்த நீரையும் கட்டலாம்.

ஏற்றுமதி_ஆவணம்:
கிணறு, நாள்வாரி தொட்டி மட்டம், அல்கலினிட்டி மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். படிவத்தில் 'ஆம்' கட்டத்துக்குக் கீழே "உள்ளே வந்த உப்பு, மீட்ட உப்பு, இருப்பில் உள்ள உப்பு, கிலோவில்" என்று மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லி வாங்குபவர்களுக்கு எழுத வரைவு தயாரிக்கிறேன். நாளை இங்கேயே இடுகிறேன், திருத்தித் தாருங்கள்.